ஆழம் தேடி ஐந்து நாள்

முதல் நாள்: பெஷல்பிரான்

பூமியில் துளை போடுவது ஒரு வேலை. அந்தத் துளைக்குள் கேபிளில் கருவியை இறக்கி, சுற்றியிருக்கும் பாறை என்ன, அதில் இருப்பது நீரா எண்ணெயா என்று அளந்து சொல்வது இன்னொரு வேலை. இரண்டாவதுதான் இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பு. லாகிங் என்போம். அந்த வேலை பிறந்த ஊரை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கணினி அறிவியல் படிக்கும் மகளும் கூட வருகிறேன் என்றாள். அவளுடைய இறுதியாண்டு ஆய்வு, கிணற்று லாக்குகளை, அதாவது ஆழத்துக்கு ஆழம் எடுத்த அந்த அளவுகளின் பதிவுகளை, இயந்திரக் கற்றலால் ஒன்றோடொன்று பொருத்துவது. ஆக, இருவருக்கும் இந்தப் பயணத்தில் வேலை இருக்கிறது.

பிரான்சின் வடகிழக்கு மூலையில், அல்சாஸில், ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து வடக்கே காரில் வந்தோம். சாலைக்கு இருபுறமும் வயல், மேற்கே வோஜ் மலைத்தொடரின் மங்கலான நீலம். எண்ணெய் வயல் என்றால் மனதில் வரும் காட்சி எதுவும் கண்ணில் படவில்லை. பெஷல்பிரான் என்ற பெயருக்கே தார் ஊற்று என்பதுதான் பொருள். இங்கே ஊற்று நீரின் மேல் எண்ணெய் மிதந்ததைப் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் சுரங்கம் தோண்டி எண்ணெய் மணலை அள்ளினார்கள். பிறகு துளைக் கிணறுகள் வந்தன. முதல் உலகப்போர்க் காலத்தில் மறுபடி சுரங்கத்துக்குள் இறங்கி, பாறையிலிருந்து கசியும் எண்ணெயைக் குழிகளில் சேகரித்தார்கள். 1944இல் சுத்திகரிப்பு ஆலை மீது குண்டு விழுந்தது. 1970இல் எல்லாம் மூடப்பட்டது.

சாயங்காலம் ஊரைச் சுற்றி நடந்தோம். "இவ்வளவு கிணறு போட்டும் உள்ளே என்ன இருக்குன்னு தெரியாமலா இருந்தாங்க?" என்று கேட்டாள் மகள். இங்குள்ள எண்ணெய், களிப்பாறைக்குள் அங்கங்கே வில்லை போலச் செருகிக்கிடக்கும் மெல்லிய மணல் அடுக்குகளில் இருந்தது. ஒரு கிணற்றில் கண்ட மணல், பக்கத்துக் கிணற்றில் கண்ட மணலோடு தொடர்புள்ளதா இல்லையா என்பதைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய தலைவலி. அதற்கு இருந்த ஒரே வழி, துரப்பணத்தை நிறுத்திப் பாறையை உருளை உருளையாக வெட்டி எடுப்பது. அதைக் கோர் என்பார்கள். நேரமும் பணமும் கரையும் வேலை.

கேள்வி இதுதான்: பாறையை மேலே கொண்டுவராமல், இருந்த இடத்திலேயே அதை அடையாளம் காண முடியுமா? நாளை அதற்குப் பதில் கிடைத்த வயலுக்குப் போகிறோம்.

இரண்டாம் நாள்: டீஃபன்பாக்

இன்றைய பதிவு நீளமாகத்தான் இருக்கும். இந்தப் பயணமே இந்த ஒரு நாளுக்காகத்தான்.

கான்ராட், மார்செல் ஷ்லம்பர்ஜே சகோதரர்கள் இருவரும் அல்சாஸில் பிறந்தவர்கள். அண்ணன் கான்ராட், பாரிஸ் சுரங்கக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். நிலத்துக்குள் மின்சாரத்தைச் செலுத்தி, மேற்பரப்பில் மின்னழுத்தம் எப்படிப் பரவுகிறது என்று பார்த்தால் கீழே உள்ள பாறையைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம் என்பது அவர் எண்ணம். முதலில் கல்லூரியின் கீழ்த்தளத்தில் ஒரு தொட்டியில் செய்து பார்த்தார். 1912இல் நார்மண்டியில் குடும்பப் பண்ணை நிலத்தில் செய்து பார்த்தார். மேலிருந்து செய்ததை ஏன் கிணற்றுக்குள் இறக்கிச் செய்யக்கூடாது என்ற கேள்வி 1927இல் பெஷல்பிரானில் சோதனைக்கு வந்தது.

அந்த வருடம் செப்டம்பர் 5. கான்ராடின் மருமகன் ஹென்றி டால், உடன் இரண்டு பேர், சுமார் 500 மீட்டர் ஆழமுள்ள ஒரு கிணறு. பேக்கலைட் குழாய்த் துண்டுகளைப் பித்தளை இணைப்புகளால் கோத்துச் செய்ததுதான் கருவி. அதில் மூன்று மின்முனைகள். ஒன்று மின்சாரத்தைப் பாறைக்குள் அனுப்பும், மற்ற இரண்டும் தமக்கிடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டைச் சொல்லும். கையால் சுற்றும் வின்ச். கருவியை ஓரிடத்தில் நிறுத்து, அளவெடு, குறித்துக்கொள். அப்புறம் ஒரு மீட்டர் நகர்த்து. மறுபடி நிறுத்து, அளவெடு, குறித்துக்கொள். புள்ளிகளைக் காகிதத்தில் வைத்துக் கோடு இழுத்தார்கள். உலகின் முதல் மின் லாக் அதுதான்.

அதன் நகல் பாடப்புத்தகங்களில் வரும். நான் ஒன்றை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தேன். கார் நிறுத்திய வயலோரத்தில் வண்டியின் முன்மூடி மீது அதை விரித்தோம். காற்றில் பறக்காமல் இருக்க அவள் கைபேசியை ஒரு ஓரத்திலும் என் கண்ணாடிக் கூட்டை இன்னொரு ஓரத்திலும் வைத்தோம். இன்றைய லாக் வழுவழுப்பான வளைகோடாக இருக்கும். இதில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு முறிவு தெரிகிறது. கோடு வலப்பக்கம் துருத்தும் இடமெல்லாம் மின்தடை கூடிய பாறை. அந்தத் துருத்தல்களின் வடிவம் அடுத்த கிணற்றிலும் அதே வரிசையில் வந்தால், அது அதே அடுக்கு. கோர் எடுக்காமலே இரண்டு கிணறுகளையும் கோத்துவிடலாம். அன்றைக்கு அவர்களுக்குக் கிடைத்தது அதுதான். இதில் எண்ணெய் இருக்கிறதா என்ற கேள்விக்கு இந்தக் கோடு மட்டும் பதில் சொல்லாது. உப்புநீர் நிறைந்த மணல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், எண்ணெய் கடத்தாது என்பது உண்மைதான். ஆனால் நுண்துளையே இல்லாத இறுகிய சுண்ணாம்புக்கல்லும் கடத்தாது, நன்னீர் நிறைந்த மணலும் அவ்வளவாகக் கடத்தாது. நுண்துளை எவ்வளவு, அதிலுள்ள நீர் எவ்வளவு உப்பு, பாறையின் மின்தடை என்ன என்ற மூன்றையும் ஒரே சமன்பாட்டில் கட்டி, நீரின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடும் வழி 1942இல்தான் வெளியானது. ஷெல் நிறுவனத்தில் இருந்த கஸ் ஆர்ச்சி, மணற்கல் துண்டுகளில் உப்புநீரை நிரப்பி ஒவ்வொன்றாக அளந்து கண்டுபிடித்த உறவு அது. இன்றைக்கும் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

"அப்பா, இதுல எதை ரொம்ப நம்பலாம்? மின்தடையையா?" என்று கேட்டாள்.

இடது ஓரத்தில் இறங்கும் ஆழ எண்களைக் காட்டினேன். மின்தடையில் பத்து சதவீதம் தவறினாலும் மணல் மணலாகத்தான் தெரியும். ஆழம் இரண்டு மீட்டர் தவறினால் எல்லாமே போச்சு.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். ஒரு கிணற்றில் மூன்று மீட்டர் தடிமனுள்ள எண்ணெய் மணல், அதற்கு நேர் கீழே நீர். கேசிங் குழாய் இறக்கி சிமெண்ட் போட்டாயிற்று. குழாயைத் துளைத்து எண்ணெயை உள்ளே வரவிடும் வெடிக்கருவியை இறக்கும் பொறுப்பு என்னுடையது. கேபிளில் ஒட்டியிருந்த மட் (துளைக்குள் நிரப்பும் சேற்றுக் குழம்பு), ஆழம் காட்டும் அளவுச் சக்கரத்தை வழுக்க வைத்திருக்கிறது. சக்கரம் குறைவாகச் சுற்ற, கருவி உண்மையில் இரண்டு மீட்டர் கூடுதலாகக் கீழே போயிருக்கிறது. பாறையின் இயற்கைக் கதிர்வீச்சைக் காட்டும் காமா லாக்கைப் பழைய லாக்கோடு ஒப்பிட்டிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். ரிக்கில் எல்லோரும் அவசரப்படுத்தினார்கள், நானும் ஒப்பிடாமல் விட்டுவிட்டேன். வெடித்தோம். தண்ணீர் வந்தது. அந்தத் துளைகளை அடைத்துத் திரும்பச் செய்ய ஒன்பது நாள் ஆனது. யாரும் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்தக் கதையை மகளிடம் இன்றுதான் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் நகலைச் சுருட்டி உறையில் வைத்தாள்.

மூன்றாம் நாள்: சூல்ட்ஸ்

பெஷல்பிரானிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது சூல்ட்ஸ் சூ ஃபோரே. எண்ணெய் போன பிறகு இந்த மண் வெப்பம் தருகிறது. அதைக் காட்டிக்கொடுத்ததும் லாகிங்தான். எண்ணெய்க் கிணறுகளில் வெப்பநிலை அளந்தவர்கள், இந்தப் பகுதி வழக்கத்தைவிட மிகச் சூடாக இருப்பதை 1920களிலேயே கவனித்து 1929இல் எழுதியும் வைத்தார்கள். எண்ணெய் தேடியவர்களுக்கு அது பக்கக் குறிப்புதான். அறுபது வருடம் கழித்து, 1987இல், அந்தக் குறிப்பை நம்பித்தான் இங்கே புவிவெப்ப ஆய்வுக் கிணறு போட்டார்கள். பழைய அளவுகளைத் தூக்கிப் போடக்கூடாது என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

வளாகத்தின் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். குழாய்கள், குளிர்விப்பான்கள், அவ்வளவுதான். விஷயம் முழுக்கக் கீழே இருக்கிறது. 1400 மீட்டர் வரை படிவுப் பாறை, அதற்குக் கீழே கிரானைட். கிணறுகள் 5000 மீட்டர் வரை போகின்றன. அங்கே வெப்பநிலை ஏறக்குறைய 200 டிகிரி.

இங்குள்ள வெப்பநிலை லாக் எனக்கு மிகவும் பிடித்த வளைகோடுகளில் ஒன்று. முதல் ஆயிரம் மீட்டரில் வெப்பம் விறுவிறுவென்று ஏறி 100 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. இதே வேகத்தில் போனால் ஐந்து கிலோமீட்டரில் 500 டிகிரி இருக்க வேண்டுமே என்று தோன்றும். ஆனால் அதற்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் கோடு கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கிறது, வெப்பம் ஏறுவதே இல்லை என்று சொல்லலாம். 3300 மீட்டருக்குக் கீழேதான் மறுபடி வழக்கமான வேகத்தில் ஏறத் தொடங்குகிறது. காரணம் நீர். பாறை விரிசல்கள் வழியே சூடான நீர் மேலேறி, ஆறிய நீர் கீழிறங்கிச் சுழன்றுகொண்டே இருக்கிறது. அடுப்பில் வைத்த பாத்திரத்தில் நீர் புரள்வது போல. அந்தச் சுழற்சி நடுப்பகுதியை ஒரே சூட்டில் வைத்து, வெப்பத்தை மேலே கொண்டுவந்து குவிக்கிறது. கிணற்றுக்குள் இறக்கிய வெறும் வெப்பமானி சொன்ன செய்தி இது.

அப்படியென்றால் விரிசல்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் கிணற்றுச் சுவரையே படம் பிடிக்கும் கருவிகள் இருக்கின்றன. ஒன்று மீயொலியைச் சுழற்றி அனுப்பி எதிரொலியைக் கேட்கும். இன்னொன்று சுவரில் அழுத்திய திண்டுகளில் உள்ள சின்னச் சின்ன மின்முனைகளால் மின்தடையைத் தடவிப் பார்க்கும். விரிசல் அந்தப் படத்தில் ஏன் அலை போலத் தெரிகிறது என்று மகளுக்குப் புரியவில்லை. ஊர் வரைபடத்தைக் குழலாகச் சுருட்டி, பேனாவால் சாய்வாகச் சுற்றிலும் ஒரு கோடு போடச் சொன்னேன். விரித்தாள். கோடு அழகான ஓர் அலையாக விரிந்தது. "ஓ!" என்றாள். அலையின் உயரம் எவ்வளவோ அவ்வளவு சாய்வு. அலையின் அடிப்பள்ளம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் விரிசல் சாய்கிறது. அவள் அதோடு விடவில்லை. குழலை இன்னும் ஒல்லியாகச் சுருட்டி மறுபடி போட்டுப் பார்த்தாள். சாய்வு அதேதான், அலை மட்டும் சிறியது. அதனால்தான் கிணற்றின் விட்டம் தெரியாமல் சாய்வைக் கணக்கிட முடியாது.

சூல்ட்ஸில் இன்னொரு அருமையான காரியம் செய்தார்கள். ஒரு பழைய எண்ணெய்க் கிணற்றை ஆழப்படுத்தி, சுமார் 930 மீட்டரிலிருந்து 2200 மீட்டருக்கும் மேல் வரை இடைவிடாமல் கோர் எடுத்தார்கள். கையில் கல் இருக்கிறது, அதே சுவரின் படமும் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டபோது, கல்லில் இருந்த மெல்லிய விரிசல்களில் பெரும்பகுதி படத்தில் வரவில்லை என்று தெரிந்தது. படம் தெளிவாக இருக்கிறது என்பதற்காக அதில் இல்லாதது பாறையிலும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தானியங்கி விரிசல் கணிப்பு பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்த ஒப்பீட்டைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒப்பிடும் முன் அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று மகளைக் கேட்டேன். "ஆழத்தைச் சரி பண்ணியிருப்பாங்க" என்றாள். கோர் எடுக்கும்போது துண்டு உடையும், சில இடத்தில் காணாமலே போகும். துரப்பணக் குழாயை எண்ணிச் சொல்லும் ஆழம் ஒன்று, கேபிள் சொல்லும் ஆழம் இன்னொன்று.

நான்காம் நாள்: சாலை

நாள் முழுக்கக் கார். ரைன் நதியைத் தாண்டி ஜெர்மனிக்குள் கிழக்கே, பவேரியாவின் ஓரம் வரை.

வழியில் அவள் கேட்டது: இப்போதெல்லாம் கேபிள் எதற்கு, துரப்பணம் செய்யும்போதே அளக்கிறார்களே? உண்மைதான். அளவுக் கருவிகளைத் துரப்பண முனைக்குப் பின்னாலேயே குழாயில் பொருத்திவிடுகிறார்கள். கேபிள் இல்லாததால் சேதியை மட் வழியே அனுப்புகிறார்கள். ஒரு வால்வு திறந்து மூடும்போது மட்டின் அழுத்தம் துடிக்கும், மேலே அந்தத் துடிப்பை எண்ணாகப் படிப்பார்கள். 1970களின் இறுதியில் வணிகத்துக்கு வந்த வழி, இன்றும் முதன்மை வழி. வேகம் நொடிக்குச் சில பிட்டிலிருந்து சில பத்து பிட் வரைதான். அவளால் நம்பவே முடியவில்லை. அதனால் கருவி எல்லாவற்றையும் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மிக முக்கியமானதை மட்டும் மேலே அனுப்பும். குழாய்க்குள்ளேயே கம்பி ஓடும் வகையும் இருக்கிறது, அதில் நொடிக்கு 57,600 பிட் போகும். செலவு காரணமாக எல்லாக் கிணற்றிலும் அதைப் பார்க்க முடிவதில்லை. இந்தச் சில பிட்டை வைத்துக்கொண்டே, கிடைமட்டமாகத் துளைக்கும்போது மேலே களிப்பாறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று முன்னதாகவே உணர்ந்து, எண்ணெய் மணலை விட்டு விலகாமல் முனையைத் திருப்புகிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இதைச் சொன்னால் கதை என்றிருப்பேன்.

கழுத்து வலிக்கிறது. மீதி நாளை.

ஐந்தாம் நாள்: விண்டிஷ்எஷன்பாக்

தூரத்திலிருந்தே தெரிகிறது கோபுரம். 83 மீட்டர் உயரம். ஜெர்மனியின் கண்ட ஆழ்துளைத் திட்டம், சுருக்கமாகக் கே.டி.பி. எண்ணெய்க்காகத் தோண்டியது அல்ல, பூமியின் மேலோட்டை அறிய மட்டுமே தோண்டியது. முதலில் 4000 மீட்டருக்கு ஒரு முன்னோடித் துளை. பிறகு சுமார் 200 மீட்டர் தள்ளி முதன்மைத் துளை. 1990இல் தொடங்கி 1994 அக்டோபரில் 9101 மீட்டரில் நிறுத்தினார்கள். பத்து கிலோமீட்டருக்கும் மேல் போவதாக இருந்த திட்டம் அது. எதிர்பார்த்ததைவிடச் சூடு கூடுதலாக இருந்தது, அடியில் ஏறக்குறைய 265 டிகிரி. அந்தச் சூட்டில் பாறையும் மெல்ல இளகித் துளைக்குள் நெருங்கி வந்தது.

கோபுரத்தின் அடியில் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. ஒன்பது கிலோமீட்டருக்கு இறங்கும் கேபிளுக்குப் பொறுப்பாக வின்ச் அருகே நின்றவனின் வயிறு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வழக்கமான மின்னணுச் சில்லுகள் 175 டிகிரியிலேயே தடுமாறத் தொடங்கிவிடும். அதற்காகக் கருவியை வெப்பக் குடுவைக்குள் வைத்து இறக்குவார்கள். இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம். சூடு உள்ளே புகுவதற்குள் சில மணி நேரம் கிடைக்கும். அதற்குள் இறக்கி, அளந்து, மேலே கொண்டுவந்துவிட வேண்டும்.

இங்கே எனக்குப் பிடித்த அளவு, துளையின் வடிவம். வட்டமாகத் தோண்டிய துளை வட்டமாகவே இருப்பதில்லை. பூமிக்குள் எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் இல்லை. ஒரு திசையில் அதிகமாக நெருக்கும்போது, அதற்குச் செங்குத்தான இரு பக்கங்களில் சுவர் உதிர்ந்து துளை நீள்வட்டமாகிவிடும். விட்டமானியின் கைகளும் சுவர்ப் படமும் அதைக் காட்டிவிடும். அதை வைத்தே மிகையான அழுத்தம் கிட்டத்தட்ட வடக்கு வடமேற்கிலிருந்து தெற்கு தென்கிழக்காக நெருக்குகிறது என்று கிலோமீட்டர் கணக்கில் தொடர்ச்சியாகச் சொன்னார்கள். சுவர் உதிர்ந்தால் துரப்பணக்காரருக்குத் தொல்லை, எங்களுக்கு அது தகவல்.

ஆழம் என்ன ஆனது என்று மகள் கேட்டாள். அவ்வளவு நீளக் கேபிள், தன் எடையாலும் கீழுள்ள சூட்டாலும் பல மீட்டர் நீண்டுவிடும். அறியப்பட்ட இழுவையில் வைத்து முன்கூட்டியே காந்தக் குறி போட்ட கேபிள், இழுவையை எந்நேரமும் காட்டும் அளவி, நீட்சித் திருத்தம், கடைசியில் காமா லாக்கோடு ஒப்பீடு என்று ஒவ்வொன்றாகச் செய்துதான் எண்ணைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

"கண்ணாடி இழை போட்டா இந்தப் பிரச்சினையே இல்லையேப்பா. ஒளி திரும்பி வர்ற நேரத்தை வெச்சே ஆழம் தெரியுமே" என்றாள். சரியான கேள்வி. இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பினால் ஒவ்வொரு இடத்திலிருந்தும் கொஞ்சம் ஒளி திரும்பிச் சிதறும். ஒரு மீட்டர் போய் வர ஏறக்குறைய பத்து நானோநொடி. திரும்பும் ஒளியின் தன்மையை வைத்து வெப்பநிலையை அளக்கலாம், அதிர்வையும் அளக்கலாம். கிணறு முழுவதும் ஒரே நேரத்தில், வருடக்கணக்கில். வெடிப்பின் ஓசை, எந்த அடுக்கிலிருந்து நீர் வருகிறது, எல்லாம் கேட்கும். என் தொழிலில் என் காலத்தில் வந்த மிகப்பெரிய மாற்றம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் இழை இழுபட்டு அறுந்துவிடக் கூடாது என்று அதைக் குழாயைவிடக் கொஞ்சம் நீளமாகவே உள்ளே தளர்வாக வைப்பார்கள். ஒளி சொல்வது இழையின் நீளம். கிணற்றின் ஆழம் அதைவிடக் குறைவு. சொன்னதும் சிரித்துவிட்டாள். "திரும்பவும் அங்கேயேதானா!"

இரவு அறையில் அவள் மடிக்கணினியைத் திறந்தாள். பொதுவில் கிடைக்கும் ஒரு கிணற்றுத் தரவு. வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு காமா லாக்குகளை அவளுடைய நிரல் இழுத்தும் சுருக்கியும் ஒன்றின் மேல் ஒன்று பொருத்துகிறது. பெரும்பாலும் நன்றாகப் பொருந்தியிருந்தது, எனக்கு அரை நாள் ஆகும் வேலை. ஓரிடத்தில் மட்டும் ஒன்றரை மீட்டர் தள்ளியிருந்தது. இழுவை வளைகோடு இருக்கிறதா என்று கேட்டேன். கோப்பில் இருந்தது, அவள் அதைப் பயன்படுத்தவே இல்லை. திறந்து பார்த்தோம். சரியாக அந்த இடத்தில் இழுவை ஏறி, சட்டென்று விழுந்திருக்கிறது. கருவி சுவரில் மாட்டிக்கொண்டு, கேபிள் மட்டும் ஏறி, பிறகு விடுபட்டுத் துள்ளியிருக்கிறது. மாட்டியிருந்த நேரத்தில் காமா ஒரே எண்ணைக் காட்டி நேர்கோடாக நிற்கிறது. நிரல் அதை ஒரு தடித்த அடுக்கு என்று நம்பிவிட்டது.

இழுவையையும் உள்ளீடாகக் கொடுத்து மறுபடி ஓட்டிப் பார்க்கிறாள். மணி பன்னிரண்டரை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பகுதியைப் பழைய முறைப்படி அச்சுத்தாளில் பென்சிலால் பொருத்திக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் இரண்டையும் வைத்துப் பார்ப்பதாகப் பேச்சு.